புத்தகக் கடையில் ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி என்ன?

லாச்சப்பல் மெத்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கி, போபூர் சென்-தெனி வீதி வழியாகக் கார் து நோர் புகையிரத நிலையத்தை நோக்கி நடப்பவர்கள், நகைக்கடைகளையும் சேலைக்கடைகளையும் மரக்கறிக் கடைகளையும் கடந்து செல்வர். அவற்றினிடையே, வாசலில் பத்திரிகைகள் அடுக்கப்பட்டும் உள்ளே கூரைவரை நூல்கள் நிறைந்தும் காணப்படும் கடைகள் சிலவும் உண்டு. முன்னர் இவற்றின் தொகை இன்னும் கூடுதலாக இருந்தது என்பதனை இங்கு நீண்டகாலம் வாழ்ந்து வருவோர் அறிவர்.

அத்தகைய கடையொன்றின் உரிமையாளர், சென்ற மாதம் எம்மை அழைத்து ஒரு கடதாசியைக் காட்டினார். அவரது கணக்காளர் எழுதிக் கொடுத்த குறிப்பு அது. கடையின் இடதுபுறச் சுவர் முழுவதையும் அடைத்து நிற்கும் நூல் அலமாரிகளும் பத்திரிகைத் தட்டும் ஈட்டும் வருவாய், செலவிடப்படும் உழைப்புக்கு ஈடாகவில்லை; அவ்விடத்தில் கைத்தொலைபேசி உதிரிப்பாகங்களை வைத்தால் மணித்தியாலத்துக்கு வரும் வருவாய் பன்மடங்காகும்; ஆகவே அலமாரிகளை அகற்றிவிடுக. இதுவே அக்குறிப்பின் சாரம்.

"சேர், நீங்கள் கம்பசிலை படிப்பிச்சனீங்கள். இந்தக் கணக்குச் சரியோ பிழையோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார் அவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கடையை நடத்தி வருபவர். எம்மிலும் வயதில் மூத்தவர். "அண்ணை, ஒரு கிழமை தாருங்கோ" என்று சொல்லி வந்தோம். அந்த ஒரு கிழமையில் நாம் சிந்தித்தவற்றை வாசகர்கள் முன் வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய கேள்வி எழும்போது எம்மவர் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. "புத்தகம் என்பது அறிவு, அறிவைக் கணக்குப் பார்க்கலாமா?" என்பர். கேட்பதற்கு இனிமையான மறுமொழிதான். ஆனால் கடை வாடகை கேட்பவரிடமும் மின்சாரக் கட்டணம் கேட்பவரிடமும் அதனைச் சொல்ல முடியாது. கணக்கைக் கண்டு முகஞ்சுழிக்காமல், கணக்கையே ஒழுங்காகப் பார்ப்போம்.

அளவுகோல் எது?

உழைப்பின் உற்பத்தித்திறன் என்பது எளிய வகுத்தற் கணக்கு. விளைவை மேலே வைத்து, அதற்காகச் செலவான மணித்தியாலங்களால் வகுக்க வேண்டும். வயலிலாயின் நெல் மூட்டை. தொழிற்சாலையிலாயின் செய்து முடித்த பொருள். புத்தகக் கடையில் விளைவு எது? கடைக்காரர் நூலை எழுதவில்லை, அச்சிடவும் இல்லை. அதனைத் தருவித்து, அடுக்கி, தேடி வருபவர் கையில் சேர்ப்பிக்கிறார். அச்சேவையே அவரது விளைவு. அதனை நேரே அளக்க வழியில்லாததால், விற்பனைத் தொகையை அதற்குப் பதிலாக வைக்கின்றனர்.

அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் இத்தகைய அளவீட்டை நீண்டகாலமாகச் செய்து வருகின்றது. சில்லறை வணிகத்தின் பல பிரிவுகளுள் புத்தகக் கடைகளையும் பத்திரிகை விற்பனையாளரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பிரிவாகக் கொண்டு, ஆண்டுதோறும் ஒரு சுட்டெண்ணை அது கணித்து வந்துள்ளது. இம்முறையில் இரண்டு அம்சங்கள் எமது கவனத்துக்குரியவை.

முதலாவது, விற்பனைத் தொகையிலிருந்து விலையேற்றத்தை நீக்கிவிட்டே அவர்கள் கணிக்கின்றனர். ஒரு பத்திரிகையின் விலை இரட்டித்தால் அதே எண்ணிக்கையான பிரதிகளுக்கு இரட்டிப்புப் பணம் பெட்டியில் விழும். அதனால் விற்பவர் இருமடங்கு உழைத்தார் என்றாகாது. பிராங்க் நாணயம் போய் 2002இல் யூரோ கைக்கு வந்த நாள்முதல் எமது கடைக்காரர் பலர் பெட்டியில் விழும் தொகையையே பார்த்து, விற்கும் பிரதிகளின் தொகை தேய்ந்து வந்ததைக் காணத் தவறினர்.

இரண்டாவது அம்சம் இன்னும் முக்கியமானது. மணித்தியாலங்களைக் கூட்டும்போது, சம்பளம் பெறும் ஊழியரை மாத்திரம் அவர்கள் எண்ணுவதில்லை. கடை முதலாளி தாமே நின்று உழைக்கும் நேரத்தையும், ஊதியம் பெறாது உதவும் குடும்பத்தினரின் நேரத்தையும் சேர்த்தே எண்ணுகின்றனர். எம்மவர் கடைகள் பற்றிச் சிந்திக்கும்போது இதனை விடப் பொருத்தமான விதி வேறில்லை.

எழுதப்படாத மணித்தியாலங்கள்

கணக்காளரின் கடதாசியில் ஒரே ஒரு ஊழியரின் மணித்தியாலங்களே இருந்தன, கிழமைக்கு 35. பிரெஞ்சுச் சட்டப்படி அது முறையானதே. ஆனால் அக்கடையில் உண்மையில் யார் யார் உழைக்கின்றனர்? உரிமையாளர் காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடுகிறார். அவரது துணைவியார் பிற்பகலில் வந்து பணப்பெட்டியில் அமர்கிறார். பல்கலைக்கழகத்தில் பயிலும் மகன் சனிக்கிழமைகளில் பொதிகளைப் பிரித்து அடுக்குகிறான். இவர்களுள் ஒருவருக்கும் சம்பளச் சிட்டை இல்லை.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. எந்தக் கடையினதும் இரகசியமல்ல. கிழமைக்கு 4,305 யூரோ விற்பனை என்போம். ஊழியரின் 35 மணித்தியாலங்களால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 123 யூரோ. பரவாயில்லையே என்று தோன்றும். இனி, உரிமையாளர் ஆறு நாட்களில் 60 மணித்தியாலம், துணைவியார் 20, மகன் 8 என்று சேர்ப்போம். மொத்தம் 123 மணித்தியாலம். இப்பொழுது வகுத்தால் மணித்தியாலத்துக்கு 35 யூரோ மாத்திரமே.

அந்த 35 யூரோவும் கடைக்குரியதன்று. பிரான்சில் பதிப்பாளர்கள் புத்தகக் கடைக்கு விடும் கழிவு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. அதே அளவை இங்கும் கொண்டால், வரியை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலுங்கூட, கடையில் தங்குவது 11 யூரோ 67 சதம். 2024 நவம்பரில் இந்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட ஆகக் குறைந்த மணித்தியாலச் சம்பளம், பிடிப்பனவுகளுக்கு முன்னர், 11 யூரோ 88 சதம். வாடகை, மின்சாரம், காப்புறுதி ஆகியவற்றுக்கு ஒரு சதமும் செலுத்தாத நிலையிலேயே கடை பின்தங்கிவிட்டது. அப்படியாயின் ஆண்டிறுதியில் எஞ்சுவதாகத் தோன்றும் அந்தச் சிறு இலாபம் எங்கிருந்து வந்தது? துணைவியாருக்கும் மகனுக்கும் கொடுக்காமல் விட்ட கூலிதான் இலாபம் என்ற பெயரில் ஐந்தொகையில் அமர்ந்திருக்கின்றது.

இதனைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1991 செப்டெம்பரில் வெளியான சுற்றறிக்கை ஒன்றின் மூலம், புகலிடக் கோரிக்கையாளர் தமது விண்ணப்பம் ஆராயப்படும் காலத்தில் இயல்பாகவே வேலை செய்யும் உரிமையைப் பிரான்ஸ் நீக்கியது. அதன் பின்னர் வந்து சேர்ந்த எத்தனையோ இளைஞர்கள், கையில் தற்காலிகப் பத்திரத்துடன், எம்மவர் கடைகளின் பின்னறைகளில் பொதி தூக்கினர். ஒரு நேரச் சாப்பாடும், படுப்பதற்கு இடமும், கைச்செலவுக்குச் சிறு தொகையும் கிடைத்தன. அது உதவியா, சுரண்டலா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. இரண்டும் அதில் கலந்திருந்தன. ஆனால் அம்மணித்தியாலங்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. "எங்கள் கடைகள் இலாபத்தில் ஓடின" என்று பழைய காலத்தைப் புகழ்வோர், யாருடைய தோளில் ஓடின என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

காத்திருத்தலும் உழைப்பே

பத்திரிகைக் கடையின் உழைப்புக்கு இன்னொரு தன்மையுண்டு. அதில் பெரும்பகுதி காத்திருத்தல். பாரிஸ் வீதிகளில் முதற் பத்திரிகைக் கூண்டுகள் 1857இல் தோன்றின. அன்று தொட்டு இன்றுவரை, கூண்டுக்குள் நிற்பவர் மழையிலும் குளிரிலும் வாடிக்கையாளர் வரும்வரை நின்றேயாக வேண்டும். அவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராயினும் வீதியால் செல்வோரின் தொகையைக் கூட்ட அவரால் இயலாது. தொழிற்சாலையில் இயந்திரம் வேகமாகச் சுழன்றால் விளைவு கூடும். பத்திரிகைக் கூண்டில் வேகம் வாங்குபவரின் காலில் இருக்கின்றது.

விற்பனையே தராத வேலையும் அங்கு நிறைய உண்டு. காலையில் கட்டுகளைப் பிரித்து எண்ணுதல், தலைப்பு வாரியாக அடுக்குதல், விலைபோகாத பிரதிகளை எடுத்துக் கட்டித் திருப்பி அனுப்புதல் யாவும் உழைப்பே. 1947 ஏப்ரில் 2ஆம் நாட் சட்டம், சிறிய பத்திரிகையும் பெரிய பத்திரிகையும் சமமாக விநியோகம் பெறவேண்டும் என்ற உயரிய நோக்குடன் பிரான்சின் விநியோக முறையை அமைத்தது. ஒரு கருத்தைச் சார்ந்த ஏடு மக்களைச் சென்றடையாமல் தடுக்கப்படலாகாது என்பதே அதன் உட்கிடக்கை. நல்ல நோக்கந்தான். ஆயினும் அதன் சுமையில் ஒரு பகுதி, தமக்கு வேண்டாத ஏடுகளையும் பெற்று அடுக்கித் திருப்பி அனுப்பிய கடைக்காரரின் முதுகில் இறங்கிற்று. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டே, தேசியப் பத்திரிகைகளை விநியோகித்து வந்த பிரெஸ்தாலிஸ் நிறுவனம் முறிவடைந்தது. 2020 யூலையில் பிரான்ஸ் மெசஜெரி என்ற புதிய அமைப்பு அதன் இடத்துக்கு வந்தது.

பாரிசின் கடைசிக் கூவி விற்கும் பத்திரிகை வியாபாரி என்று அறியப்படுபவர் அலி அக்பர். பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலிருந்து 1970களில் வந்தவர். சென்-ஜெர்மன் பகுதியின் கோப்பிக் கடைகளினூடே பத்திரிகையைக் கையிலேந்தி நடந்து, ஐம்பது ஆண்டுகளாக விற்று வந்தவர். அவருக்குத் தேசியத் தகைமைக் கௌரவம் வழங்கப்படும் என 2025இல் அறிவிக்கப்பட்டபோது எம் போன்றோர் அனைவரும் மகிழ்ந்தோம். குடிபெயர்ந்து வந்த ஒருவரின் கால்நடை உழைப்பை ஒரு நாடு கண்டுகொண்டதே என்ற மகிழ்ச்சி. ஆனால் மணித்தியாலத்துக்கு எத்தனை பிரதி என்ற அளவுகோலை அவர் மீது வைத்தால், இன்றைய நாளில் அவர் மிகத் தாழ்ந்த இடத்திலேயே இருப்பார்.

விளைவில் சேராதவை

இனி மேலே இருக்கும் எண்ணைப் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை முற்பகல் முழுவதும் அக்கடையின் மூலையில் அமர்ந்து வருவோரை அவதானித்தோம். ஒரு முதியவர் நாள்காட்டி வாங்கினார். ஒரு தாய், மகளின் தமிழ்ப் பரீட்சைக்கான பயிற்சி நூலைத் தேடி வந்தார். எந்த வகுப்புக்கு எந்த நூல் பொருத்தம் என்று கடைக்காரர் விளக்கினார். ஓர் இளைஞர் ஒப்ரா அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டினார். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதனை வாசித்து, மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள் எஞ்சியிருக்கின்றது என்று சொல்லி அனுப்பினார். அவ்விளைஞர் எதனையும் வாங்கவில்லை. வாங்குவதற்கு அவரிடம் பணமும் இருந்திராது.

அந்த அரை மணித்தியாலம் கணக்கில் வீண்நேரம். கீழெண் ஏறிற்று, மேலெண் அசையவில்லை. ஆனால் அவ்விளைஞருக்கு அந்த அரை மணித்தியாலம் ஓர் ஆயுட்காலப் பெறுமதியுடையதாக இருந்திருக்கலாம்.

எம் ஊர் வாசிகசாலைகளை இங்கு நினைவுகூர்தல் தகும். ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நாளுக்கு ஒரு பிரதி வரும். காலையில் முதியவர்கள், மாலையில் வேலையால் வந்தவர்கள், பின் பள்ளி மாணவர் என்று, தாள்கள் தனித்தனியாகப் பிரிந்து வாங்குகள் தோறும் சுற்றும். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், அச்சுத்தாள் கிடையாமல் கோடிட்ட கொப்பித் தாள்களிலும் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அச்சாகியது. அன்று ஒரு பிரதியை எத்தனை வீடுகள் வாசித்தன என்று எவரும் எண்ணியதில்லை. விற்பனைக் கணக்கில் அது ஒன்று.

ஆகவே அளவுகோலே பொய் என்று முடித்துவிடலாமா? அப்படிச் சொல்ல நாம் ஒருப்படோம். பொருளியலாளர் போமோலும் போவனும் 1966இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடயத்தில் எமக்குத் துணை நிற்கின்றது. நால்வர் வாசிக்கும் ஒரு இசைப்படைப்பை வாசித்து முடிக்க இருநூறு ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு நேரமும் எத்தனை பேரும் தேவைப்பட்டனரோ, அவ்வளவே இன்றும் தேவை. ஏனைய தொழில்களில் இயந்திரம் புகுந்து கூலி உயரும்போது, உற்பத்தித்திறன் உயராத இத்தொழில்களிலும் கூலி உயர்ந்தேயாக வேண்டும். அன்றேல் அத்தொழிலுக்கு ஆள் கிடையாது. ஆதலால் இவற்றின் செலவு ஏனையவற்றிலும் பார்க்க ஏறிக்கொண்டே செல்லும். ஒரு தாய்க்குப் பயிற்சி நூலைத் தெரிந்தெடுத்துக் கொடுக்க 1985இல் எடுத்த பத்து நிமிடம் இன்றும் பத்து நிமிடமே. அதன் விலை மாத்திரம் ஏறியிருக்கின்றது. இது கடைக்காரரின் சோம்பலால் வந்ததன்று.

முன்னைய நாட்களில் இந்த ஏற்றத்தை வேறு பொருட்கள் தாங்கின. தொலைபேசி அட்டைக்கும் வீடியோக் கசட்டுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம் இருந்தது. கசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் ஒரு வாரப்பத்திரிகையையும் வாங்கிச் சென்றார். தொலைபேசி அட்டையின் கழிவே நூல் அலமாரிக்கு வாடகை செலுத்திற்று. கைத்தொலைபேசியிலேயே ஊருக்கு இலவசமாகப் பேசவும், வீட்டிலிருந்தே படம் பார்க்கவும் முடிந்த நாளில் அந்த முண்டு விழுந்துவிட்டது. அலமாரி இன்று தனியே நிற்கின்றது.

மூடினால் ஏறும் சராசரி

இவ்வளவீட்டில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. ஒரு வீதியில் மூன்று புத்தகக் கடைகள். மூன்றிலும் ஒரேயளவு மணித்தியால உழைப்பு. முதலாவது மணித்தியாலத்துக்கு 60 யூரோவும், இரண்டாவது 40 யூரோவும், மூன்றாவது 20 யூரோவும் விற்கின்றன. சராசரி 40. மூன்றாவது கடை மூடப்படுகின்றது. அதன் வாடிக்கையாளர் வாங்குவதையே விட்டுவிடுகின்றனர். இப்பொழுது சராசரி 50. உற்பத்தித்திறன் நூற்றுக்கு 25 வீதம் உயர்ந்துவிட்டது! எஞ்சிய இரு கடைகளிலும் ஒருவரும் முன்னிலும் கூடுதலாக எதனையும் செய்யவில்லை. வீதியில் விற்பனையான நூல்களோ குறைந்துவிட்டன. இரண்டாவது கடையும் மூடினால் சராசரி 60 ஆகும். கடைசிக் கடையும் மூடும் நாளில் வகுக்க எதுவும் இராது.

உலகம் இதனைப் பெரிய அளவில் கண்டிருக்கின்றது. அமெரிக்காவின் பெரும் புத்தகக் கடைத் தொடர்களுள் ஒன்றான போடர்ஸ் 2011இல் முறிவடைந்து, எஞ்சியிருந்த கடைகளையும் மூடியது. இங்கே பாரிசில், மாணவர் தலைமுறைகள் பல நாடிச் சென்ற ஜிபேர் ஜேன் நிறுவனம் சென்-மிஷேல் சதுக்கத்திலிருந்த தனது கடைகளை 2021 மார்ச்சில் மூடியது. ஆதலால், "உற்பத்தித்திறன் உயர்ந்தது" என்ற செய்தியைக் காணுந்தோறும் நாம் கேட்கவேண்டிய கேள்வி: எஞ்சியோர் கூடுதலாகச் செய்ததால் உயர்ந்ததா, அன்றி மற்றையோர் இல்லாதொழிந்ததால் உயர்ந்ததா?

சுமையை யார் தாங்குவது?

1981ஆம் ஆண்டு எம் மனங்களில் ஒரே ஒரு காட்சியாகவே பதிந்துள்ளது. மே 31 இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையாயின. நூலகம், பத்திரிகை, புத்தகக் கடை மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதனை எரித்தவர்கள் எம்மிலும் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், அதாவது அந்தத் தீ எழுந்து ஏறக்குறைய பத்து வாரங்களில், நாம் பின்னாளில் தஞ்சமடைய இருந்த இந்நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. கலாசார அமைச்சர் ஜாக் லாங்கின் பெயரால் அறியப்படும் அச்சட்டம், 1982 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நூலின் விலையைப் பதிப்பாளரே நிர்ணயிப்பார். இறக்குமதியான நூலாயின் இறக்குமதியாளர். எந்தக் கடையும் அதில் நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேல் கழிவு கொடுக்கலாகாது. பேரங்காடி தனது பலத்தால் விலையைக் குறைத்து, சிறு புத்தகக் கடையை விழுங்கிவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஒருவர் சிறு கடையில் அரை மணித்தியாலம் ஆலோசனை பெற்றுக்கொண்டு, நூலை மாத்திரம் வேறெங்கோ மலிவாக வாங்கிச் செல்வதற்கு இதனால் காரணம் இல்லாது போயிற்று.

இணைய வணிகம் வந்து, அனுப்பும் செலவை ஏறக்குறைய இலவசமாக்கி அச்சட்டத்தைச் சுற்றி வழிகண்டபோது, 2021 டிசெம்பரில் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைந்த நூற் கொள்வனவுக்கு அனுப்பும் கட்டணமாக ஆகக் குறைந்தது 3 யூரோ அறவிடப்பட வேண்டும். நூல்களுக்கான பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 5.5 வீதம்; பத்திரிகைக்கு 2.1 வீதமே. இத்தனை அரண்களுக்குப் பின்னரும் இந்நாட்டில் புத்தகக் கடை மிகக் குறைந்த தேறிய இலாபம் தரும் வணிகங்களுள் ஒன்றாகவே இருந்து வருகின்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? புத்தகக் கடையின் ஒரு மணித்தியாலம் சந்தையில் குறைவாகவே ஈட்டும் என்பதனைப் பிரெஞ்சுச் சமூகம் மறுக்கவில்லை. அக்குறைவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அது ஒரு விடை கண்டது. நூல் வாங்கும் ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகத் தாங்குவர் என்பதே அவ்விடை. எம்மவரிடையே அக்கேள்வி எழுப்பப்படவேயில்லை. எனவே முழுச் சுமையும் கடைக்காரரின் வீட்டுக்குள், அவரது துணைவியாரின் பிற்பகல்களிலும் மகனின் சனிக்கிழமைகளிலும் போய் இறங்கிவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

கடைக்காரர்களுக்கு முதற்கண் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பியை எடுத்து, கடையில் யார் எத்தனை மணித்தியாலம் நின்றனர் என்பதனை மூன்று மாதங்களுக்கு எழுதுங்கள். துணைவியாரின் பெயரையும் எழுதுங்கள். கொடுக்க இயலாவிடினும், கொடுக்கவேண்டியது எவ்வளவு என்பதாவது வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். கடிதம் வாசித்தல், படிவம் நிரப்புதல் போன்றவற்றுக்கு ஒரு மேசையையும் ஒரு நேரத்தையும் ஒதுக்கி, இயன்றவரிடம் சிறு கட்டணம் பெறுவதில் வெட்கம் எதுவுமில்லை. இயலாதவருக்குச் செய்யும் உதவி அப்பொழுதுதான் உதவி என்று தெரியும்.

எமது தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு கேள்வி. ஆண்டு விழாக்களில் வழங்கும் நெகிழிக் கேடயங்களுக்கு நீங்கள் செலவிடும் தொகை எவ்வளவு? அதில் பாதியை லாச்சப்பலில் எஞ்சியிருக்கும் புத்தகக் கடைகளில் நூல்களாக வாங்கிப் பரிசளித்தால் என்ன? முன்கூட்டியே பட்டியல் கொடுத்தால் கடைக்காரர் விலைபோகுமோ என்ற அச்சமின்றித் தருவிப்பார். விற்காது தேங்கும் இருப்பும், அதனை அடுக்கித் தூசி தட்டும் மணித்தியாலமும் குறையும். உற்பத்தித்திறன் உண்மையாகவே உயரும் வழி இதுவே.

வாசகர்களுக்கும் ஒரு சொல். நின்றபடியே வாசித்து முடித்து, மடித்து வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை வாசிகசாலையிலிருந்து கொண்டு வந்தோம். ஆனால் வாசிகசாலைக்கு ஊர் சந்தா கட்டிற்று. கடைக்கு எவரும் கட்டுவதில்லை. ஒருவர் வாங்கிய நூலைப் படமெடுத்து நூறு பேருக்கு அனுப்புவதைத் தமிழ்த் தொண்டு என்று எண்ணுவோரும் உளர். நகைக்கடையில் பேரம் பேசாதவர், பத்து யூரோ நூலுக்கு இரண்டு யூரோ குறைக்கச் சொல்வதையும் கண்டிருக்கிறோம். சட்டப்படி அவர் கேட்கக்கூடிய உச்சக் கழிவு ஐம்பது சதம்!

கடைசியாக, எழுதுகின்ற நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். எமது ஏடுகளைக் கடை வாசலில் கட்டாகப் போட்டுவிட்டுப் போகிறோம். சிலவற்றை இலவசமாக விநியோகிக்கச் சொல்கிறோம். அவற்றைப் பிரித்து அடுக்குவதும், மழையில் நனையாது காப்பதும், பழையவற்றை அகற்றுவதும் யாருடைய உழைப்பு என்று நாம் கேட்டதில்லை. நூல் வெளியிடும் எழுத்தாளர்கள் இருபது பிரதிகளைக் கடையில் வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து வந்து, "விற்றதா?" என்கின்றனர். ஏழைக் கடைக்காரரின் மணித்தியாலத்தை உரிமையுடன் எடுத்துக்கொள்வதில் எமக்கும் பங்குண்டு. விற்ற பிரதிக்கு உரிய கழிவை உரிய மாதத்திலேயே கொடுப்பது நாம் நாளையே தொடங்கக்கூடிய காரியம்.

ஒரு கிழமை கழித்து அக்கடைக்குச் சென்றோம். கணக்காளரின் கணக்கு ஒருவகையில் பிழை என்றும், அவரது பிழையைத் திருத்தினால் முடிவு இன்னும் மோசமாகும் என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அலமாரி மணித்தியாலத்துக்கு ஈட்டுவது கைத்தொலைபேசி உறைகளிலும் குறைவுதான். எந்த வாய்ப்பாட்டாலும் அதனை மாற்ற முடியாது. ஆனால் அந்த அலமாரியை வைத்திருக்க எவ்வளவு செலவாகின்றது என்பதையே அவ்வெண் சொல்கின்றது. அச்செலவை நீங்கள் ஒருவர்தான் சுமக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின் துணைவியாரைப் பார்த்து, "இவ்வளவு நாளும் உனக்கு எவ்வளவு கடன் எண்டு இப்பதான் தெரியுது" என்றார். அம்மையார் சிரித்தார். பாதிச் சுவரை விட்டுக் கொடுப்பதென்றும், மறுபாதியைத் தைப்பொங்கல்வரை வைத்துப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. அதற்கிடையில் அக்கடைக்குள் நுழைந்து ஒரு நூலையேனும் முழு விலைக்கு வாங்குவோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே மறுபாதியின் விதி அமையும்.